பழைய லப்டொப்பில் சத்தக் கோளாறு: ஹெட்போன், ஸ்பீக்கர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நான் இருக்கும் தொடர்மாடியில் யாருடைய லப்டொப் ஊமையானாலும் அது கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். நான் கடை வைத்திருப்பவன் இல்லை. வேலையால் வந்தபிறகு ஒரு பிளேன்டீயோடு உட்கார்ந்து கழற்றிப் பூட்டுகிற ஆள், அவ்வளவுதான். வருவதெல்லாம் எட்டு, பத்து வருடம் உழைத்த மெஷின்கள். லிஃப்டுக்குள் நின்று ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதிவைப்பது சுகம் என்று தோன்றியது.

தம்பி, ஒன்றுமே கேட்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

சத்தம் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று கண்டுபிடிப்பதிலிருந்து. லப்டொப்புக்குள் சத்தம் போகும் பாதை ஒன்றும் சிக்கலானதல்ல. பாட்டை ஓட்டும் புரோகிராம், அதற்கடுத்து விண்டோஸ், ட்ரைவர் (விண்டோஸையும் சிப்பையும் பேச வைக்கும் மென்பொருள்), போர்டில் உள்ள ஓடியோ சிப். அங்கிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு வழி, ஹெட்போன் துளைக்கு இன்னொரு வழி. பாதை பிரிகிற அந்த இடம்தான் நமக்குக் கைகொடுக்கும்.

ஹெட்போனைச் செருகிப் பாருங்கள். ஹெட்போனில் கேட்டு, ஸ்பீக்கரில் கேட்காவிட்டால் சிப் நன்றாகத்தான் இருக்கிறது. பழுது ஸ்பீக்கரிலோ, அதன் வயரிலோ, துளைக்குள் இருக்கும் குட்டிச் சுவிட்சிலோ இருக்கலாம். அபூர்வமாக ட்ரைவரும் இப்படி ஏமாற்றும். ஸ்பீக்கரில் கேட்டு, ஹெட்போனில் கேட்காவிட்டால் அந்த ஹெட்போனை உங்கள் போனில் செருகிப் பாருங்கள். அங்கே பாடினால் துளையில் பிழை, அங்கேயும் பாடாவிட்டால் ஹெட்போனில் பிழை.

இரண்டிலும் இல்லையென்றால் விண்டோஸ் பக்கமா, சிப் பக்கமா என்று பிரிக்க வேண்டும். இதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான சோதனை ஒன்றுதான். விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச லினக்ஸ் வகைகளான உபுண்டுவையோ லினக்ஸ் மின்டையோ 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் ஏற்றி, அதிலிருந்தே லப்டொப்பைத் தொடங்குங்கள். இன்ஸ்டோல் செய்யாமல், சும்மா ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் இருக்கிறது. உங்கள் விண்டோஸையும் கோப்புகளையும் அது தொடாது. அங்கே சத்தம் வந்தால் லப்டொப்பின் உடம்பில் நோய் இல்லை, விண்டோஸில்தான் பிசகு. இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் யாரும் கடைக்குக் காசு கொடுக்கப் போகக் கூடாது என்பது என் கட்சி.

இதற்கெல்லாம் முன்பு மியூட் விசையைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். மூன்றாம் மாடி அன்ரியின் லப்டொப்பை நான் முழுதாகக் கழற்றி, திரும்பப் பூட்டியபிறகுதான் அதைப் பார்த்தேன்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். லப்டொப் இன்னும் ஹெட்போன் இருப்பதாகவே நினைக்கிறது. ஏன்?

என்னிடம் அதிகமாக வரும் கேஸ் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

3.5 மில்லிமீட்டர் துளைக்குள் மெல்லிய உலோக நாக்குகள் இருக்கும். பிளக் உள்ளே போகும்போது அதில் ஒரு நாக்கு விலகும். அதை வைத்துத்தான் ‘ஹெட்போன் வந்துவிட்டது, ஸ்பீக்கரை நிறுத்து’ என்று சிப் முடிவு செய்கிறது. அந்த நாக்கு விலகிய இடத்திலேயே நின்றுவிட்டாலோ, இடையில் தூசியோ களிம்போ படிந்துவிட்டாலோ, ஸ்பீக்கருக்குக் கடைசிவரை உத்தரவு போகாது. காலிமுகத்திடலிலிருந்து தெஹிவளை வரை கடலை ஒட்டி வாழும் எங்களுக்கு இது கூடுதலாக நடக்கும். யன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக் காற்று இந்த நாக்கையும் விடுவதில்லை. நான் கழற்றிய துளைகள் சிலவற்றில் பச்சைக் களிம்பைக் கண்ணாலேயே கண்டிருக்கிறேன்.

முதல் வைத்தியம்: லப்டொப்பை நிறுத்தி, ஹெட்போன் பிளக்கைப் பதினைந்து, இருபது தடவை செருகி எடுங்கள், செருகும்போது மெதுவாகத் திருப்பியும் விடுங்கள். உரசலிலேயே களிம்பு கழன்று, நாக்கு திரும்பிவிடும். பெரும்பாலானவை இத்தோடு சரி. அப்புறம் சுத்தம் செய்வது, அதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

பழைய மக்புக் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. துளைக்குள்ளிருந்து சிவப்பு வெளிச்சம் தெரியும். பயப்படத் தேவையில்லை. அந்தக் காலத்து மக்புக்குகளில் அதே துளை வழியாக ஒளிக்கம்பி மூலம் டிஜிட்டல் சத்தமும் போகும். ஒன்றும் செருகாமலே சிவப்பு எரிந்தபடி இருந்தால், நான் சொன்ன அதே நாக்கு மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இதைக் கற்றுத் தந்தது என் சொந்த லப்டொப்தான். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் ‘போர்ட் போயிட்டுது’ என்றார்கள். வீட்டுக்கு வந்து, கோபத்தில் பிளக்கைச் செருகிச் செருகி எடுத்துக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் திடீரென்று பாடியது.

துளையை எதால் சுத்தம் செய்வது? பாமசியில் வாங்கும் ஸ்பிரிட் போதுமா?

போதாது. பாமசி ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சில கலவைகளும் இருக்கும். கை கழுவும் சனிடைசர் அதைவிட மோசம், பிசுபிசுப்பை விட்டுப்போகும். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் அல்ககோலோ, ஸ்பிரே போத்தலில் வரும் கொன்டாக்ட் கிளீனரோ வாங்குங்கள். எலக்ட்ரோனிக்ஸ் உதிரிப்பாகக் கடைகளில் இருக்கும்.

லப்டொப்பை நிறுத்தி, சார்ஜரையும், கழற்ற முடிந்தால் பட்டரியையும் எடுத்துவிடுங்கள். பல்லுக் குத்தும் குச்சியின் நுனியில் கொஞ்சம் பஞ்சை இறுக்கமாகச் சுற்றி, திரவத்தில் தோய்த்துப் பிழிந்து, உள்ளே விட்டுத் திருப்பி எடுங்கள். அரை மணி நேரம் காய விடுங்கள். ஊசி, ஹேர்பின் எதையும் விடாதீர்கள், நாக்கு வளைந்தால் பிறகு துளையையே மாற்ற வேண்டும். தேங்காயெண்ணெய் விட்டவரையும் பார்த்திருக்கிறேன். சத்தம் வந்தது, உண்மைதான். இரண்டு மாதத்தில் தூசியெல்லாம் அந்த எண்ணெயில் ஒட்டிக் களியாகி நின்றது.

ஒரு காதில் மட்டும் கேட்கிறது. வயரை ஆட்டினால் மற்றக் காதும் வருகிறது.

வேறு ஹெட்போன் ஒன்றைச் செருகி ஆட்டிப் பாருங்கள். அது ஒழுங்காக இருந்தால், உங்கள் ஹெட்போனின் வயர் பிளக்கின் கழுத்தருகே உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. வயர் சாவது அநேகமாக அந்த இடத்தில்தான்.

எந்த ஹெட்போனைச் செருகினாலும் ஆட்ட வேண்டியிருந்தால், துளையின் ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கும். இங்கே ஒரு நல்ல செய்தி. பல பழைய மொடல்களில் ஹெட்போன் துளை மதர்போர்டில் இருக்காது. யூஎஸ்பி துளைகளோடு சேர்த்து ஒரு சின்னப் பலகையில் தனியாக இருக்கும், பட்டை வயர் ஒன்றால் மதர்போர்டோடு இணைந்திருக்கும். அந்தப் பலகையை மட்டும் மாற்றலாம். லப்டொப்பின் அடியில் உள்ள மொடல் இலக்கத்தோடு கேட்டால் பழைய மெஷின்களிலிருந்து கழற்றியது கிடைக்கும். துளை மதர்போர்டிலேயே இருந்தால் கைப்பழக்கம் உள்ளவர் ஈயம் வைத்துத் தருவார், அதுவும் பெரிய வேலையல்ல.

பாட்டில் இசை கேட்கிறது, பாடகரின் குரலை மட்டும் காணவில்லை! இது என்ன மாயம்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். உங்கள் ஹெட்போன் பிளக்கில் எத்தனை கறுப்பு வளையம் இருக்கிறதென்று எண்ணுங்கள். இரண்டு என்றால் வெறும் ஹெட்போன். மூன்று என்றால் மைக்கும் சேர்ந்த, போனுக்கான ஹெட்செட். பழைய லப்டொப்புகளில் துளை இரண்டு இருக்கும், ஹெட்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று. அந்த ஹெட்போன் துளை மூன்று வளையப் பிளக்கை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

இடது காதுக்கும் வலது காதுக்கும் பொதுவாக, சத்தம் திரும்பிப்போகும் கம்பி ஒன்று உண்டு. அது பிளக்கின் சரியான உலோகப் பகுதியில் தொடாவிட்டால், இரண்டு பக்கத்துச் சத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம் மட்டுமே காதுக்கு வரும். பாட்டுப் பதிவில் குரலை இரண்டு பக்கமும் சம அளவில் வைப்பார்கள். சமமானதைச் சமமானதிலிருந்து கழித்தால் மிஞ்சுவது பூச்சியம். அதனால்தான் பாடகர் கிணற்றுக்குள் விழுந்துவிடுகிறார், வயலின் மட்டும் வெளியே நிற்கிறது.

ஹெட்செட்டில் உள்ள அழைப்புப் பொத்தானை அமர்த்திப் பிடியுங்கள். குரல் திரும்பி வந்தால் நோய் இதுதான். பிளக்கை ஒரு மயிரிழை வெளியே இழுத்து வைத்தாலும் சில வேளை வரும். நிரந்தரத் தீர்வு, ஒரு பக்கம் ஹெட்செட்டையும் மறு பக்கம் இரண்டு தனித்தனிப் பிளக்கையும் கொண்ட கவட்டை வயர். அதை மாட்டினால் ஹெட்செட்டின் மைக்கும் வேலை செய்யும். சூம் வகுப்பில் ‘சேர், நான் பேசுறது கேக்குதா?’ என்று கத்தும் உயர்தரப் பிள்ளைகளின் பிரச்சினையில் பாதி இந்த வயரோடு தீரும்.

விண்டோஸ் 7இலிருந்து 10க்கு மாற்றினோம். அன்றிலிருந்து சத்தம் இல்லை.

ட்ரைவர். லப்டொப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மொடல் இலக்கத்தைக் கொடுத்து ஓடியோ ட்ரைவரைத் தேடுங்கள். விண்டோஸ் 10க்கு இல்லாவிட்டால் 8.1க்கோ 7க்கோ உள்ளதும் பல வேளை ஒத்துப்போகும். ‘எல்லா ட்ரைவரையும் ஒரே கிளிக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று வரும் இலவசப் புரோகிராம்களை அண்டவே வேண்டாம். சத்தம் வராது, விளம்பரம்தான் வரும்.

ஒன்றும் கிடைக்காவிட்டால் விண்டோஸ் தன்னோடே வைத்திருக்கும் பொது ட்ரைவரைப் போடலாம். டிவைஸ் மேனேஜரில் சவுண்ட் பகுதியைத் திறந்து, ஓடியோ சிப்பின் பெயர்மேல் வலது கிளிக் செய்து, அப்டேட் ட்ரைவர் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இணையத்தில் தேடச் சொல்லாமல், கணினியிலேயே உள்ள பட்டியலிலிருந்து நானே எடுக்கிறேன் என்ற வழியில் போங்கள். ‘ஹை டெஃபினிஷன் ஓடியோ டிவைஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடியோ சிப் செய்யும் ரியல்டெக்கின் ஈக்குவலைசர் போன்ற அலங்காரங்கள் போய்விடும், சத்தம் வரும்.

டீவிக்கு எச்டிஎம்ஐ வயர் போட்டுப் படம் பார்த்தோம். வயரைக் கழற்றியபிறகு லப்டொப் ஊமை.

டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அமர்த்தி, எந்தக் கருவி தெரிவாகியிருக்கிறதென்று பாருங்கள். இன்னும் டீவியின் பெயர் நின்றால் ஸ்பீக்கருக்கு மாற்றிவிடுங்கள். அவ்வளவுதான், காசு வேண்டாம்.

கனடாவிலிருந்து மகள் அழைத்தால், பின்னால் ஓடும் பாட்டு தானாகவே குறைந்துவிடுகிறது. பழுதா?

இல்லை அன்ரி, அது விண்டோஸின் மரியாதை. அழைப்பு வந்தால் மற்றச் சத்தங்களை 80 சதவீதம் குறைப்பது அதன் பழக்கம். சில வேளை அழைப்பு முடிந்தபிறகும் அப்படியே நின்றுவிடும், அதைத்தான் பழுது என்று நினைக்கிறார்கள். பழைய கொன்ட்ரோல் பனலின் சவுண்ட் பெட்டியில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்துக்குப் போய், ஒன்றும் செய்யாதே என்று பொருள்படும் கடைசித் தெரிவை வையுங்கள்.

சார்ஜர் செருகினால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். கழற்றினால் நின்றுவிடுகிறது.

லப்டொப்பைச் சந்தேகிக்க வேண்டாம், சுவரைப் பாருங்கள். எங்கள் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50 ஹேர்ட்ஸும் அதன் மடங்குகளும் ஒழுங்கான எர்த் இல்லாதபோது ஓடியோ வயருக்குள் நுழைந்து பாடுகின்றன.

கொழும்பின் பழைய வீடுகளில் வட்டக்கால் பொயின்டும் சதுரக்கால் பொயின்டும் கலந்து கிடக்கும். மூன்று கால் பொயின்டின் மேல் துளைக்குள் பேனா மூடியைக் குத்தி, கீழ்த் துளைகளின் அடைப்பைத் திறந்து, இரண்டு கால் பிளக்கைச் செருகும் கலை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? அப்படிச் செருகினால் எர்த் கிடையாது. சார்ஜருக்கு மூன்று கால் வயர் இருந்தும் இரண்டு கால் அடப்டர் வழியாகக் கொடுத்தாலும் அதே கதைதான். லப்டொப்பின் உலோகப் பாகத்தைத் தொட்டால் விரலில் சுறுசுறுவென்று ஊருகிறதா? அதுவும் இதே காரணத்தால். மூன்று கால் வயரை நேராக மூன்று கால் பொயின்டில் செருகுங்கள்.

வெளி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் லப்டொப்பையும் ஸ்பீக்கரையும் ஒரே மல்டிபிளக்கில் செருகிப் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு பொயின்டில் இருந்தால் எர்த் வளையம் ஒன்று உருவாகி இரையும். அப்படியும் நிற்காவிட்டால் ஓடியோ வயருக்கு நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற குட்டிப் பெட்டி இருக்கிறது, வேலை செய்யும்.

பட்டரியில் ஓடும்போது படபடவென்று வெடிக்கிறது.

மின்சாரச் சேமிப்பு அமைப்பை மாற்றிப் பாருங்கள். வைஃபையை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். வெடிப்பு நின்றால் வைஃபை ட்ரைவர் செயலியைப் பிடித்துவைத்து ஓடியோவைக் காக்க வைக்கிறது, அந்த ட்ரைவரைப் புதுப்பிக்க வேண்டும். சவுண்ட் அமைப்பில் ‘என்ஹான்ஸ்மென்ட்’ எல்லாவற்றையும் நிறுத்தி, 16 பிட் 44,100 அல்லது 48,000 ஹேர்ட்ஸில் வைப்பதும் பழைய மெஷின்களுக்கு நல்லது.

ஸ்பீக்கர் கிழிந்த பறை மாதிரி அதிர்கிறது.

சத்தத்தை முதலில் முழுதாக இடப்பக்கமும் பிறகு வலப்பக்கமும் தள்ளிக் கேளுங்கள், எந்த ஸ்பீக்கர் என்று தெரிந்துவிடும். திறந்து பார்த்தால் மூன்றில் ஒன்று இருக்கும்: ஸ்பீக்கரைப் பிடிக்கும் ஆணி தளர்ந்திருக்கும், வலைக்குள் தூசியோ இறந்த கரப்பானோ கிடக்கும், அல்லது கூம்பைச் சுற்றியுள்ள ரப்பர் உக்கிக் கிழிந்திருக்கும். முதல் இரண்டுக்கும் திருப்புளியும் தூரிகையும் போதும். மூன்றாவதற்கு ஸ்பீக்கர் சோடியாக மாற்ற வேண்டும். பழையதின் முதுகில் ஓம் அளவும் வாட் அளவும் எழுதியிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

சத்தம் மிகக் குறைவு. அம்மாவுக்குக் கேட்பதில்லை.

படம், பாட்டு ஓட்டும் விஎல்சி புரோகிராமில் 125 சதவீதம் வரை ஏற்றலாம். விண்டோஸில் ‘லவுட்னஸ் ஈக்குவலைசேஷன்’ என்ற தெரிவு இருந்தால் அதைப் போடுங்கள், மெல்லிய பேச்சை அது தூக்கிக் கொடுக்கும். ஆனால் அந்தச் சின்ன ஸ்பீக்கர்கள் ஓரிரு வாட் மட்டுமே தாங்கும். எந்நேரமும் உச்சத்தில் ஓட்டினால் மேலே சொன்ன கிழிந்த பறைதான். அம்மாவுக்கு யூஎஸ்பியில் ஓடும் ஸ்பீக்கர் சோடி ஒன்று வாங்கிக் கொடுப்பது மேல்.

புளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமை. சூமுக்குப் போனால் பழைய வானொலி மாதிரி ஆகிவிடுகிறது.

புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. மைக் திறந்த கணமே ஹெட்போன் பேச்சு வழிக்குத் தாவும். அதில் தரம் குறைவு, இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். சூமின் அமைப்பில் மைக்காக லப்டொப்பின் சொந்த மைக்கைத் தெரிவுசெய்யுங்கள். ஹெட்போன் பாட்டு வழியிலேயே நிற்கும்.

லினக்ஸ் போட்டிருக்கிறேன்.

டெர்மினலில், சத்த அளவுகளைக் கம்பங்களாகக் காட்டும் அல்சாமிக்சரைத் திறங்கள். எஃப்6 விசையை அமர்த்தி உங்கள் சிப்பைத் தெரிவுசெய்யுங்கள். எந்தக் கம்பத்தின் கீழாவது ‘எம்எம்’ என்று இருந்தால் அதன் வாய் கட்டப்பட்டிருக்கிறது, எம் விசையை அமர்த்தினால் ‘ஓஓ’ ஆகும். ஹெட்போன் துளையின் நாக்கு பழுதானவர்களுக்கு இங்கே ஒரு குறுக்கு வழியும் உண்டு. ‘ஓட்டோ மியூட்’ என்பதை நிறுத்திவிட்டால், நாக்கு என்ன சொன்னாலும் ஸ்பீக்கர் பாடும். விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருந்து, விண்டோஸிலிருந்து வரும்போது மட்டும் சத்தம் இல்லையென்றால் விண்டோஸின் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’பை நிறுத்துங்கள்.

போர்டிலுள்ள ஓடியோ சிப் உண்மையிலேயே செத்துவிட்டது. இனி?

லினக்ஸ் பென்னிலும் சத்தம் வரவில்லை, துளையும் சுத்தம், அப்போதுதான் இந்த முடிவுக்கு வரலாம். வந்தாலும் மதர்போர்ட் மாற்றச் சம்மதிக்காதீர்கள். பழைய லப்டொப்புக்குப் போர்ட் மாற்றும் காசு அந்த லப்டொப்பின் பெறுமதியையே தாண்டும். யூஎஸ்பி சவுண்ட் கார்ட் என்று விரல் நீளத்தில் ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறு பக்கம் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் இரண்டு துளை. அதற்குள் தனிச் சிப் இருப்பதால் போர்டில் உள்ளது இருந்தாலென்ன, செத்தாலென்ன. விண்டோஸும் லினக்ஸும் ட்ரைவர் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ கேளுங்கள். புறக்கோட்டையில் வாங்கினால் அங்கேயே செருகிக் கேட்டுவிட்டு வாருங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10க்கான மைக்ரோசொஃப்டின் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. 11ஐ ஏற்காத பழைய மெஷின் என்றால், சத்தத்துக்காக அந்த லினக்ஸ் பென்னை ஓட்டிப் பார்க்கும்போதே மற்றவையும் அதில் சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்துவையுங்கள்.

புது ஹெட்போன் வாங்கப் போகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

பிளக்கைப் பாருங்கள். நேராக நீட்டிக்கொண்டிருப்பதைவிட, எல் எழுத்துப்போல் வளைந்தது நல்லது. லப்டொப்பை மடியில் வைத்துத் திரும்பும்போதும், பிள்ளை வயரில் தடுக்கும்போதும் நேர்ப் பிளக் நெம்புகோலாகி, துளையின் ஈயத்தைப் பெயர்த்துவிடும். வளைந்தது லப்டொப்போடு ஒட்டி நிற்பதால் அந்த நெம்பல் குறைவு.